ப்ரீ டெஸ்ட் முடிந்துவிட்டது, அண்ணாச்சி

“சார், ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. புள்ள பி.எச்டி. சேந்து மூணு வருசம் முடியப் போவுது. கம்ப்யூட்டர வச்சுப் பாடம் நடத்துததப் பத்தின படிப்புன்னு சொன்னா. இதுவரைக்கும் ஒரு ஆப்பாவது வெளிய வந்துருக்கா? போன்ல கேட்டா, ‘ப்ரீ டெஸ்ட் முடிஞ்சிட்டுப்பா’ங்கா. அது என்ன சார், மூணு வருசமா ஒரு டெஸ்ட்டு?”

நியாயமான கேள்வி, அண்ணாச்சி. இன்னொரு டீக்குச் சொல்லுங்கள், இது ஒரு டீயில் முடிகிற கதை இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் காலம் தள்ளியவன் நான். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் ஆய்வுக்குச் சேர்ந்து, தவித்து, முடித்து வெளியே போவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஆப் செய்வது அவள் வேலை இல்லை. செய்தாலும் அது ஆய்வுக்கு வேண்டிய ஒரு சாமான், அவ்வளவுதான். நல்ல புரோகிராமர் ஒருவரை உட்கார வைத்தால் அவளைவிட அழகாக, அவளைவிடச் சீக்கிரமாகச் செய்து கொடுத்துவிடுவார். அவள் பதில் தேடுகிற கேள்வி வேறு. அந்த ஆப்பைக் கையில் கொடுத்த பிறகு பிள்ளை எதையாவது கற்றுக்கொண்டதா? கற்றுக்கொண்டிருந்தால், அது ஆப்பினால்தானா? கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் கல்வித் தொழில்நுட்பம் என்ற துறை முழுக்க அந்த இரண்டாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

1983-ல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். சினிமா, ரேடியோ, டிவி, கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றும் வந்தபோது அதை வகுப்பறையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார். பாடத்தைச் சுமந்து வரும் கருவி கற்றலைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை என்று ஒரே போடாகப் போட்டார். அதற்கு அவர் சொன்ன உவமை உங்களுக்காகவே சொன்னது போல இருக்கும்: மளிகைச் சாமான் ஏற்றி வரும் லாரி. உங்கள் கடைக்கு விருதுநகரிலிருந்து துவரம்பருப்பு வருகிறது. பழைய லாரியில் வந்தாலும் புது லாரியில் வந்தாலும் பருப்பின் சத்து அதேதானே? சத்து சரக்கில் இருக்கிறது. பாடம் சொல்லும் முறைதான் சரக்கு என்றார் கிளார்க். கம்ப்யூட்டர் வகுப்பில் பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்கியிருந்தால், அந்தப் பாடத்தை யாரோ கூடுதல் அக்கறையோடு தயாரித்திருப்பார்கள், அல்லது புதுச்சாமான் வந்த ஆசையில் பிள்ளைகள் நாலு நாள் உற்சாகமாகப் படித்திருப்பார்கள். அந்தப் பெருமை கருவிக்குச் சேராது.

“அப்ப இந்தப் படிப்பே வீண்தானா சார்?”

அவசரப்படாதீர்கள். ராபர்ட் கோஸ்மா என்ற இன்னொரு பேராசிரியர் 1991-லும் 1994-லும் பதில் எழுதினார். முறையையும் கருவியையும் அப்படிப் பிரித்து வைக்க முடியாது, சில முறைகள் சில கருவிகள் இருந்தால்தான் நடக்கும் என்பது அவர் கட்சி. ஒரு சமன்பாட்டில் ஓர் எண்ணை மாற்றியவுடன் வரைகோடு கண் முன்னே சாய்வதைக் கரும்பலகையில் எப்படிக் காட்டுவீர்கள்? வாத்தியார் அழித்து அழித்து வரைவதற்குள் மணி அடித்துவிடும். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. கிளார்க்கா கோஸ்மாவா என்று முதல் வருடத்தில் எல்லா மாணவர்களும் சண்டை போடுவார்கள். கடைசி நாளில் வாய்மொழித் தேர்வில் யாராவது ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அதைக் கேட்பார்: “அம்மா, இந்த முன்னேற்றம் உங்க சாஃப்ட்வேரால வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?” அந்த ஒரு கேள்விக்குப் பதில் தயார் செய்யத்தான் இத்தனை வருடமும் என்று சொன்னால் அது பெரிய மிகை இல்லை.

அவள் குறிப்பாக என்ன பார்க்கிறாள் என்று போன வாரம் சொன்னீர்களே, பிள்ளைகள் கணக்கில் செய்யும் தப்பு என்று. அதை நீங்கள் லேசாகச் சொல்லிவிட்டீர்கள். அது தங்கமான தலைப்பு.

உங்கள் கடைக்குச் சாமான் வாங்க வரும் பையன் ஒருவனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, 52-ல் 37 போனால் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் 25 என்று எழுதுவார்கள். கவனமில்லை என்று நாம் தலையில் குட்டுவோம். அதே பிள்ளையிடம் 81-ல் 46 கொடுங்கள். 45 என்று எழுதும். 70-ல் 24 கொடுங்கள். 54 என்று எழுதும். கவனமில்லாத பிள்ளை இப்படி ஒரே மாதிரி தப்புச் செய்யாது. அது ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது: மேலே இருக்கிறதோ கீழே இருக்கிறதோ, பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழி. அந்த விதி தப்பு. ஆனால் அதைப் பின்பற்றுவதில் பிள்ளை நம்மைவிட ஒழுங்கு.

1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் இதை வைத்துத் தாங்கள் செய்த ஒரு புரோகிராமைப் பற்றி எழுதினார்கள். பக்கி என்று பெயர். நிகராகுவா நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கழித்தல் விடைகளை அதில் போட்டு அலசினார்கள். நிறையப் பிள்ளைகளின் தப்புக்குப் பின்னால் இப்படி ஒரு சொந்த விதி இருப்பது தெரிந்தது. பிள்ளை எந்த விதியை வைத்திருக்கிறது என்று தெரிந்தால், அதற்கு எதைச் சொல்லித் தர வேண்டும் என்று தெரியும். “தப்பு, மறுபடி செய்” என்று நூறு தடவை சொல்லும் ஆப்புக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். உங்கள் மகள் தசம எண்களில் இதைப் பார்க்கிறாள் என்றால், 0.35 பெரிதா 0.8 பெரிதா என்று கேட்டிருப்பாள். 35 பெரிது என்று பல பிள்ளைகள் சொல்லும். உங்கள் தராசில் 350 கிராமையும் 800 கிராமையும் வைத்தால் அதே பிள்ளை தப்பே செய்யாது. இரண்டுக்கும் நடுவில் எங்கே வழி அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு ஆயுள் கொடுக்கலாம். அவள் கேட்பது சில வருடம்.

சரி, அந்த மூன்று வருடம் எங்கே போனது என்று கேட்டீர்கள்.

முதல் வருடம் பாட வகுப்புகள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதிப்படி குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆய்வு நெறி பற்றிய பாடம் கட்டாயம். இந்தத் துறையில் ஒரு வேடிக்கை உண்டு. வருகிறவர்கள் இரண்டு ஊர்க்காரர்கள். ஒரு பக்கம் பி.இ. படித்துவிட்டு வருபவர்கள், கோடு எழுதுவார்கள், வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் கற்பதைப் பற்றி எழுதிய பியாஜே, வைகாட்ஸ்கி என்றால் யாரென்று கேட்பார்கள். இன்னொரு பக்கம் பி.எட்., எம்.எட். முடித்த ஆசிரியர்கள், பிள்ளை முகத்தைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் எக்செல் தாண்டிப் போனதில்லை. முதல் ஆறு மாதம் இருவருமே தாங்கள்தான் முட்டாள் என்று ரகசியமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஒருவர் மற்றவருக்குப் புள்ளியியல் சொல்லித் தருவார், மற்றவர் இவருக்குப் பிள்ளைகளிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று சொல்லித் தருவார். என் கணக்கில், நல்ல ஆய்வுகள் இந்த இருவரும் ஒரே மேஜையில் டீ குடிக்கும் இடங்களிலிருந்துதான் வருகின்றன. 2010-ல் ஐ.ஐ.டி. பம்பாயில் இதற்கென்றே முனைவர் படிப்பு தொடங்கியபோது அங்கே பொறியியலும் கல்வியியலும் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. நம் பக்கம் திருச்சி பாரதிதாசனிலும் கோவை பாரதியாரிலும் கல்வித் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறையே இருக்கிறது.

இரண்டாவது வருடம் படிப்பு, படிப்பு, படிப்பு. தன் தலைப்பில் உலகத்தில் யார் என்ன செய்தார்கள் என்று தோண்டுவது. தோண்டும்போது, நாம் புதிது என்று நினைத்ததை 1978-லேயே செய்துவிட்டார்கள் என்று தெரியும்போது வரும் வயிற்று எரிச்சலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். அந்த நாட்களில் உங்கள் மகள் போனில் சிடுசிடுத்திருப்பாள்.

மூன்றாவது வருடம் பள்ளிக்கூடம். இங்கேதான் காலம் கரைகிறது. பள்ளிக்குள் நுழைய முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் வந்த பிறகு தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ள வேண்டும். கணக்கு டீச்சர் மனதார ஒத்துக்கொள்ள வேண்டும், அது தனி. பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்து, பிள்ளைகள் ஒரு நிலைக்கு வருவதற்குள் ஜூலை. செப்டம்பரில் காலாண்டு. அக்டோபரிலிருந்து மழை, எந்த நாள் காலையில் கலெக்டர் விடுமுறை விடுவார் என்று யாருக்குத் தெரியும்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் ஊரில் என்ன ஆனது என்று நீங்களே பார்த்தீர்கள், கடைக்குள் தண்ணீர். அதே தண்ணீர் பள்ளிகளுக்குள்ளும் வந்தது. அந்தப் பருவத்தில் ஆய்வு வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் போனது போனதுதான். ஆய்வுத் திட்டத்தில் ‘எட்டு வாரம்’ என்று எழுதியிருப்பார்கள். ஆண்டு விழா ஒத்திகை, தடுப்பூசி முகாம், ஆசிரியர்களுக்குத் தேர்தல் வேலை எல்லாம் போக அந்த எட்டு வாரம் ஐந்து மாதத்தில் சிதறிக் கிடக்கும்.

அவள் சொன்ன ப்ரீ டெஸ்ட் இங்கேதான் வருகிறது. பிள்ளைகளுக்கு எதையும் கற்றுத் தருவதற்கு முன்னால், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அளப்பது. அந்தக் கேள்வித்தாளையே ஒரு வருடம் செதுக்கியிருப்பாள். ஒரு கேள்வி பிள்ளையின் கணக்கறிவை அளக்கிறதா, தமிழ் வாசிக்கும் திறனை அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறொரு பள்ளியில் கொடுத்துப் பார்த்து, குழப்பமான கேள்விகளைக் கழித்து, மறுபடி கொடுத்து, அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் காட்டி... அதனால்தான் ‘ப்ரீ டெஸ்ட் முடிஞ்சிட்டு’ என்று சொல்லும்போது அவள் குரலில் அவ்வளவு நிம்மதி.

அதற்குப் பிறகும் சிக்கல் தீராது. ஏழாம் வகுப்பு ஏ பிரிவுக்குப் புது முறை, பி பிரிவுக்குப் பழைய முறை என்று வைப்பார்கள். கடைசியில் ஏ பிரிவு நன்றாகச் செய்தது என்று வையுங்கள். ஏ பிரிவு டீச்சர் கெட்டிக்காரராக இருக்கலாம். பி பிரிவுக்குக் கணக்கு வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்திருக்கலாம். பி பிரிவு வாத்தியார், ‘நம்ம வகுப்பு தோத்துரக் கூடாது’ என்று சாயங்காலம் கூடுதல் வகுப்பு எடுத்திருக்கலாம். அதுவும் நடக்கும். ஏ பிரிவுப் பிள்ளை வீட்டுக்குப் போய் பி பிரிவுக் கூட்டாளிக்குச் சொல்லித் தந்திருக்கலாம். அதில் நமக்குச் சந்தோஷம்தான், ஆய்வுக்கு அது ஓட்டை. நாற்பது பிள்ளைகள் இருந்தாலும் ஒரே வகுப்பு, ஒரே டீச்சர் என்றால் சந்தேகம் தீராது.

இதைச் சரியாகச் செய்ய என்ன ஆகும் என்பதற்கு டெல்லி உதாரணம் இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஜாந்த்ரோ கானிமியன் மூவரும் 619 பிள்ளைகளை எடுத்துக் குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் வந்தவர்களுக்கு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் மையத்தில் இலவச இடம். நாலரை மாதத்தில் கணக்கிலும் ஹிந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. 2019-ல் பொருளியலின் பெரிய ஆய்விதழ் ஒன்றில் வந்தது. குலுக்கல் என்பதால் டீச்சர் கெட்டிக்காரர், பிள்ளை கெட்டி என்ற சந்தேகங்கள் அடங்கிவிட்டன. காரணமும் சுவையானது: ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து தொடங்கியது, பாடப் புத்தகம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. ஆனாலும் பாருங்கள், அந்த மையத்தில் பாதி நேரம் கம்ப்யூட்டர், மீதிப் பாதி சின்னக் குழுவாக உட்காரவைத்து ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனை அமைக்கப்படவில்லை. கிளார்க்கின் லாரி அங்கேயும் வந்து நிற்கிறது.

“இவ்வளவு பெரிய ஆளுங்க செய்யுத வேலையில, நம்ம புள்ள என்னத்தச் செஞ்சிரப் போவுது சார்?”

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஓர் எண் இருக்கிறது. 1984-ல் சிகாகோவில் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரை. தனி ஆசிரியர் வைத்துப் படித்த சராசரிப் பிள்ளை, சாதாரண வகுப்பில் படித்த நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேரைத் தாண்டிவிடும் என்றார். இன்றைக்கு ஏ.ஐ. டியூட்டர் விற்க வருகிற கம்பெனிகள் பலவற்றின் முதல் ஸ்லைடில் அது இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜோஆன் அனானியா, ஜோசஃப் பர்க் என்ற இரண்டு பி.எச்டி. மாணவர்களின் ஆய்வேட்டிலிருந்து. உங்கள் மகள் மாதிரி, ஏதோ ஒரு பள்ளியில் போய் நின்று, பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து எடுத்த எண். மூலத்தைத் தேடிப் போய் வாசித்தவர்கள் குறைவு. வாசித்தவர்கள் சில விஷயங்களைக் கண்டார்கள். தனி ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் ஒவ்வொரு பகுதியையும் தாண்ட 90 சதவீதம் எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒப்பிட்ட இன்னொரு குழுவுக்கு 80 சதவீதம் போதும். அப்படியானால் வேலை செய்தது ஆசிரியரா, அந்தக் கண்டிப்பா? 2011-ல் கர்ட் வான்லென் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தனிப் பயிற்சியின் பலன் புளூம் சொன்னதில் பாதியைக்கூட எட்டவில்லை. பிள்ளையை ஒவ்வொரு படியாகக் கவனித்துத் திருத்தும் மென்பொருள் அதற்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றது. ஆக, இரண்டு மாணவர்கள் எடுத்த எண்ணை உலகம் நாற்பது வருடமாகச் சுமக்கிறது. அதைச் சரிபார்க்கும் வேலையையும் கடைசியில் யாரோ ஒரு பொறுமைசாலிதான் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமையைக் கற்றுத் தருவதுதான் இந்தப் படிப்பின் முக்கால்வாசி.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. புதுச்சேரி பக்கம் காளிக்குப்பம் என்றொரு கிராமம். டெல்லியில் சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தாரே, சுகதா மித்ரா, அவரும் ரீத்து டங்வாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டரில் உயிர்த்தொழில்நுட்பப் பாடத்தை இங்கிலீஷில் வைத்துவிட்டுப் போனார்கள். வாத்தியார் கிடையாது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்படியும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பாடம் தெரியாத, ஆனால் பிள்ளைகளோடு நன்றாகப் பழகும் ஒருவரைப் பக்கத்தில் நின்று ‘அட, எப்படிச் செஞ்சீங்க, காட்டுங்க’ என்று மட்டும் சொல்லவைத்தார்கள். மதிப்பெண் இன்னும் ஏறியது. டெல்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமாக வந்தார்கள் என்று 2010-ல் எழுதினார்கள். உலகம் கைதட்டியது, 2013-ல் மித்ராவுக்குப் பத்து லட்சம் டாலர் டெட் பரிசும் கிடைத்தது.

அதே 2010-ல், மித்ராவின் கட்டுரை வந்த அதே ஆய்விதழில், இன்னொரு கட்டுரை. எழுதியவர் பாயல் அரோரா. கொலம்பியா பல்கலைக்கழகத்து முனைவர் படிப்புக்காக இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் போய்த் தங்கியிருந்தவர். அங்கேயும் அந்தச் சுவர்க் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அவர் தேடிப் போனபோது ஓரிடத்தில் மிஞ்சியிருந்தது சுவரும் அதில் ஓட்டைகளும். கம்ப்யூட்டர் இல்லை. ஏன் நின்றுபோனது, யார் பராமரிக்க வேண்டியிருந்தது, எந்தப் பிள்ளைகள் உண்மையில் பயன்படுத்தினார்கள் என்று ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினார். அதற்குக் கைதட்டல் குறைவுதான். ஆனால் அண்ணாச்சி, ஒரு சர்க்கார் அடுத்த ஊரில் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறது என்றால், அதிகாரி முதலில் வாசிக்க வேண்டிய கட்டுரை இரண்டாவது. இது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் இருக்கலாம்.

‘பலன் ஒன்றும் தெரியவில்லை’ என்று முடியும் ஆய்வுக்கு நம் ஊரில் மரியாதை கிடையாது. பெரு நாட்டில் லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்து, கணக்கிலும் மொழியிலும் மாற்றம் தெரியவில்லை என்று 2012-ல் சொன்னார்கள். அந்த ஒரு வரிக்கு எத்தனை கோடி மதிப்பு! ஆனால் இங்கே மாணவி ஒருத்தி ‘வித்தியாசம் இல்லை’ என்று முடிவைக் கொண்டுபோனால், சில கைடுகளுக்கு முகம் சுருங்கும். இன்னும் கொஞ்சம் டேட்டா எடுத்துப் பாரேன் என்பார்கள். எடுத்துக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு மூலையில் ஏதாவது வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதைத் தலைப்பில் போட்டால் சீக்கிரம் முடிக்கலாம். உங்கள் மகள் அப்படி முடிக்கவில்லை என்பதற்காகவே எனக்கு அவள்மேல் ஒரு மதிப்பு.

இப்போது இவர்கள் எல்லோரையும் உலுக்கியது 2022 நவம்பர் 30. அன்றைக்குத்தான் சாட்ஜிபிடி வந்தது. பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லும் மென்பொருளை இரண்டு மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஒரே வாரத்தில் அவர்கள் கட்டியது பழசாகிவிட்டது. ஒரு பையன் என்னிடம் வந்து உட்கார்ந்து, பேசாமல் எழுந்து போனான். கருவியை நம்பி ஆய்வு எடுத்தவர்கள் தவித்தார்கள். பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்ற கேள்வியை எடுத்தவர்கள் தப்பித்தார்கள். உங்கள் மகள் இரண்டாவது வகை. கடைகளில் எந்தக் கருவி வந்தாலும் 0.35 பெரிது என்று சொல்லும் பிள்ளை இருக்கும்வரை அவள் கேள்விக்கு வயதாகாது.

துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளிவந்தது. ஏ.ஐ. பக்கத்தில் இருந்தபோது பயிற்சிக் கணக்குகளை 48 சதவீதம் கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் மோசமாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த இன்னொரு வகையில் அந்தக் கேடு பெரும்பாலும் இல்லை. பயிற்சியின்போது மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால் வெற்றி என்று விளம்பரம் போட்டிருக்கலாம். எடுத்துவிட்டு அளக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதே, அந்தத் தோன்றலுக்குத்தான் பயிற்சி.

“அதெல்லாம் சரி சார். காசு? அவகூடப் படிச்சவன் ஒருத்தன் கம்பெனியில மாசம் ஒரு லட்சம் வாங்குதானாம்.”

வாங்கட்டும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அது மாதா மாதம் ஒழுங்காக வருவதில்லை. சேர்த்து வைத்து வரும், அதுவரை கைமாற்று. ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களின் பாடு இன்னும் மோசம், சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ராத்திரியில் ஆய்வேடு எழுதுகிறார்கள். கம்பெனியைச் சொன்னீர்கள். 2022-ல் பைஜூஸ் என்ற கல்வி ஆப் கம்பெனியின் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024-ல் அது திவால் வழக்கில் நின்றது. கம்பெனி எல்லாம் அப்படி என்று சொல்லவில்லை. அங்கேயும் பிள்ளை கற்றுக்கொண்டதா என்று நேர்மையாக அளக்கத் தெரிந்த ஆள் தேவை. கேட்கும் மனது இருக்கும் இடத்துக்கு உங்கள் மகள் போவாள். இல்லையென்றால் கல்வியியல் கல்லூரி இருக்கிறது, எஸ்.சி.இ.ஆர்.டி. மாதிரி பாடத்திட்டம் செய்யும் இடங்கள் இருக்கின்றன. வேலை கைமேல் கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

“இன்னொண்ணு சார். மாப்பிள்ளை வீட்டுல கேக்காவ, புள்ள எப்ப முடிப்பான்னு.”

அதையும் சொல்கிறேன். 2022-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. அதற்கு மேல் இரண்டு வருடம் நீட்டிப்புக் கேட்கலாம். பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் சலுகை உண்டு. பிள்ளைப்பேறுக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. சட்டமே இவ்வளவு பொறுமையாக இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாரும் கொஞ்சம் இருக்கட்டும். அவளுக்கு மிச்சம் இருப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது, போஸ்ட் டெஸ்ட், கொஞ்ச நாள் கழித்து மறந்துபோயிற்றா என்று பார்க்க இன்னொரு டெஸ்ட், கணக்குப் பார்ப்பது, எழுதுவது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆலோசனைக் குழு முன்னால் நின்று என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் வேறு எங்கிருந்தாவது காப்பி அடித்திருக்கிறதா என்று மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து இரண்டு பேர் வாசித்து அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கைக்குக் காத்திருக்கும் மாதங்களில் அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். கடைசியில் பொது வாய்மொழித் தேர்வு. பிறகு ஆய்வேடு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம்.

“அந்த வாய்மொழித் தேர்வுக்கு நாங்க வரலாமா சார்?”

தாராளமாக. பெயரே பொது வாய்மொழித் தேர்வுதானே. அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பின்வரிசை முழுக்க நம் ஆட்கள்தான் இருப்பார்கள். சந்தேகம் இருந்தால் எழுந்து கேட்கவும் செய்யலாம். நீங்கள் தசம எண்ணில் ஒரு கேள்வி கேட்டால் அவள் மகிழ்ந்துபோவாள். கண்ணாடியைக் கழற்றும் பெரியவர் லாரிக் கேள்வியைக் கேட்கும்போது அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று மட்டும் கவனியுங்கள், மற்றதெல்லாம் சம்பிரதாயம்.

“அன்னைக்கு வாறவங்களுக்கு டிபன், சாப்பாடு எல்லாம் நம்மதான் பாக்கணும்னு அவ கூட்டாளி சொல்லுதா. முந்திரி, பாதாம் நல்லதா எடுத்து ஆளுக்கு ஒரு பாக்கெட் போட்டுரட்டுமா?”

எந்த யு.ஜி.சி. விதியிலும் அது இல்லை, அண்ணாச்சி. தேர்வுக்கு நிற்கிறவர் செலவில் தேர்வாளருக்குச் சாப்பாடு என்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். என் காலத்தில் நானும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன்தான், மறைக்கவில்லை. ஹாலுக்கு வெளியே எல்லோருக்கும் டீயும் வடையும் போதும். முந்திரியைக் கடையிலேயே வையுங்கள். அதற்கு இன்னும் எப்படியும் இரண்டு வருடம் இருக்கிறது.